மான்செஸ்டரில் படிக்கப் போகிறவர்களுக்கு வீட்டுக் குறிப்புகள்

1. வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சுவர், மெத்தை, அடுப்பு, மீட்டர் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் பொதுவாக 5 வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் அவர் சேர்த்தாக வேண்டும்; சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

2. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் வரி கிடையாது. முழுநேர மாணவர் அல்லாத ஒருவர் குடிவந்தாலே பில் வந்துவிடும்.

3. குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. நவம்பரிலிருந்து துணியை அறைக்குள்தான் காயப்போட வேண்டியிருக்கும். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த வெளிச்சுவரில் படிந்து, அலமாரிக்குப் பின்னாலும் கட்டில் தலைமாட்டிலும் கறுப்புப் பூஞ்சையாகப் பூக்கும். இருமலும் மூச்சிரைப்பும் அதிலிருந்து வரலாம் என்பதால் அலட்சியம் வேண்டாம். துணி காயும் அறையின் கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். காலையில் ஜன்னல் கண்ணாடியில் கோத்திருக்கும் நீரைத் துடைத்தெடுங்கள். சோறு கொதிக்கும்போது மூடி போடுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தை அடைக்கவே கூடாது. இத்தனைக்குப் பிறகும் பூஞ்சை வந்தால் கூரையோ குழாயோ கசியலாம். வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘உங்கள் சமையல்தான் காரணம்’ என்ற பதிலோடு அடங்கிவிடாதீர்கள்; மாணவர் சங்கத்தில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

4. மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டுவது உயிருக்கே ஆபத்து. புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்த பிறகு எண்ணெயை வையுங்கள்.

5. அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று ஊரிலேயே பார்த்து வாங்குங்கள்.

6. தண்ணீர் விஷயத்தில் மான்செஸ்டர்வாசிகள் கொடுத்துவைத்தவர்கள். ஏரி மாவட்டத்தின் தெர்ல்மியர் நீர் 1894 முதல் இங்கே வருகிறது. மென்னீர் என்பதால் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பும் குறைவாகப் போதும். லண்டனிலோ கடினநீர், கெட்டிலில் வெள்ளையாகப் படியும். வினிகரும் தண்ணீரும் கலந்து கொதிக்கவைத்து, சற்று ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும்.

7. ரஷ்ஹோமில் வில்ம்ஸ்லோ சாலையின் தெற்காசியக் கடைகளில் மளிகை கிடைக்கும். கறிவேப்பிலையை உருவி, ஈரமில்லாமல் ஃப்ரீசரில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். சூப்பர்மார்க்கெட்டில் மாலைக்குமேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ரொட்டியும் காய்கறியும் விலை குறைவு, அன்றே சமைத்துவிடுங்கள்.

8. காய்ச்சல் வரும்வரை காத்திராமல், போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பக்கத்து ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியவர்களுக்கு அவரைப் பார்க்கத் தனியாகப் பணம் கிடையாது. உயிர் ஆபத்தில்லாத அவசரத்துக்கு 111, உயிர் ஆபத்துக்கு 999. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; அந்த இருட்டில் மனம் சோர்ந்து தூக்கம் கெட்டால், அதையும் அதே மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம்.