பெயர் தொலைத்த ரோஜா

தேக்காவில் பஃப்ளோ ரோட்டுப் பூக்கடை ஒன்றில் நின்று, "அண்ணே, இது என்ன ரோஜா?" என்று கேட்டுப் பாருங்கள். "பன்னீர் ரோஜா" என்பார். பூக்கடைக்கு அந்தப் பெயர் போதும். ஆனால் தாவரவியலாளர் அதோடு விடமாட்டார். எந்த வகை? எங்கிருந்து வந்தது? பெற்றோர் எவை? இந்த மூன்று கேள்விகளுக்கும் பழைய ரோஜாக்கள் பலவற்றுக்குப் பதில் இல்லை.

'டீ ரோஜா' எனப்படும் வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத் தோட்டங்களில் வளர்ந்த இவை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்றன. அவற்றில் முதலாவது, 1809இல் ஆபிரகாம் ஹியூம் என்ற பிரிட்டிஷ்காரர் வரவழைத்த வெளிர் இளஞ்சிவப்பு ரோஜா. நெப்போலியன் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் அது பிரான்சுக்குப் போய், ஜோசஃபினின் தோட்டத்தைச் சேர்ந்தது. ஓவியர் ரெடூட்டே அதைத் தீட்டியும் வைத்தார். இன்றைய ரோஜாக்கள் பலவற்றின் மூதாதையரான அந்தச் செடி இப்போது எங்கே? அதே பெயரில் ஒரு ரோஜா விற்கப்படுகிறது. அது அசல்தானா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை.

அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் இப்படிப்பட்ட அநாமதேய ரோஜாக்கள் நிறைய உண்டு. டீ ரோஜாவுக்குக் கடுங்குளிர் ஆகாது. அந்தத் தீவு அதற்கு ஒத்துக்கொண்டது. நட்டவர்கள் போய்விட்டார்கள், பெயர் அட்டையும் போய்விட்டது, செடி மட்டும் நிற்கிறது. 1954இல் தொடங்கிய பெர்முடா ரோஜா சங்கத்தினர் இவற்றை 'மர்ம ரோஜாக்கள்' என்று அழைத்து, கண்டெடுத்த ஊர் அல்லது வைத்திருந்தவர் பெயரால் தற்காலிகப் பெயர் சூட்டினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம். தெரியாத ஒன்றுக்கு அவசரப்பட்டுப் பெரிய பெயர் வைக்கவில்லை பாருங்கள்! அவற்றுள் 'ஸ்பைஸ்' என்ற ரோஜாதான் ஹியூமின் ரோஜாவோ என்று சிலர் கருதுகிறார்கள்.

அவசரம் ஏன் ஆபத்து? தோட்ட ரோஜாவை நாம் பொதுவாக விதையிலிருந்து வளர்ப்பதில்லை. தண்டை வெட்டி நடுகிறோம், அல்லது ஒட்டுக் கட்டுகிறோம். புதுச் செடி தாய்ச்செடியின் அச்சு நகல். எனவே நாற்றுப் பண்ணையில் ஒரு செடிக்குத் தவறான அட்டை மாட்டினால், அதிலிருந்து வெட்டிய ஆயிரம் செடிகளும் அதே தவறைச் சுமக்கும். உண்மையான வகை எங்கோ ஒரு வேலியோரத்தில் செத்துப்போனாலும், "அதுதான் எங்கள் தோட்டத்தில் இருக்கிறதே" என்று எவரும் கவலைப்படமாட்டார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை நம்பாதீர்கள், வெயிலுக்கும் வயதுக்கும் ஏற்ப அது மாறும். புல்லி இதழின் விளிம்பு, முள்ளின் வளைவு, பூக்காம்பின் மேற்பரப்பு, பூ விரியும் விதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் இரு செடிகளை ஒரே மண்ணில் அருகருகே வளர்த்துப் பார்ப்பது நல்லது. மணமும் சாட்சி சொல்லும். டைமெத்தாக்சிடொலுயின் என்ற சேர்மம் டீ ரோஜாக்களின் மணத்தில் முக்கியமானது. சீன ரோஜாக்களின் வழியில் வந்த பண்பு அது. பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் இல்லை. ஆனால் அது குடும்பத்தைக் காட்டுமே தவிர, ஆளைக் காட்டாது.

"டீஎன்ஏ சோதனை செய்தால் முடிந்துவிடாதா, சார்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். இதற்குப் பதில் நம் தேசிய மலரிடம் இருக்கிறது.

வாண்டா மிஸ் ஜோவாகிம் ஒரு கலப்பினம். ஆர்மீனியக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோவாகிம் அதை உருவாக்கினார் என்று, தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1893இல் எழுதினார். பெற்றோர் வாண்டா ஹூக்கெரியானா, வாண்டா டெரஸ். (மூன்றையும் இப்போது வேறொரு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாம் பழைய பெயரை விடுவதாக இல்லை.) இரண்டில் எது தாய், எது தந்தை என்ற கேள்வி நீண்ட காலம் தொடர்ந்தது.

இங்கேதான் உங்கள் உயிரியல் பாடம் கைகொடுக்கிறது. பசுங்கணிகத்துக்கு உட்கருவிலிருந்து தனியான ஒரு டீஎன்ஏ உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அது சூலின் வழியாக, அதாவது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. ஆகவே பிள்ளையின் பசுங்கணிக மரபணு எந்தச் செடியுடையதோடு பொருந்துகிறதோ, அதுதான் தாய். 2011இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்று இப்படி இரண்டு மரபணுக்களை ஒப்பிட்டது. தாய் டெரஸ் என்றது முடிவு. 118 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதில்!

இது எப்படிச் சாத்தியமானது? இரண்டு பெற்றோரும் இன்றும் உயிருடன் இருக்கின்றன. ஹியூமின் ரோஜாவுக்கோ, ஐயமில்லாத அசல் செடி ஒன்றாவது கிடைத்தால்தான் 'ஸ்பைஸை' அதனோடு பொருத்திப் பார்க்க முடியும். அதுவரை பெர்முடாவின் இரண்டு மர்மச் செடிகள் ஒரே வகையா, வேறா என்று டீஎன்ஏ சொல்லும், பெயரைச் சொல்லாது.

இன்னொன்று. ஆக்னஸ் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்தாரா, அல்லது ஒரு பூச்சி செய்த வேலையை மூங்கில் புதரில் கண்டெடுத்தாரா என்ற விவாதமும் இருந்தது. எந்த மரபணுவும் இதற்குப் பதில் சொல்லாது. மகரந்தத்தைக் கொண்டுவந்தது விரலா, வண்டா என்பது டீஎன்ஏவில் பதிவாவதில்லை. அதற்கு ரிட்லியின் குறிப்பைப் போன்ற எழுத்துச் சான்றைத்தான் தேட வேண்டும்.

அடுத்த முறை தேக்கா போகும்போது ஒரு பன்னீர் ரோஜாவும், பூங்கொத்துக்கு வைக்கும் நீண்ட காம்பு ரோஜா ஒன்றும் வாங்கி வாருங்கள். இரண்டின் புல்லி இதழ்களையும் பிரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். இதழ்களை எண்ணுங்கள், கசக்கி முகருங்கள். தாளின் மூலையில் வாங்கிய தேதி, இடம், கடைக்காரர் சொன்ன பெயர் மூன்றையும் எழுதுங்கள். பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.