கசிவின் ஊற்றுக்கண்

நுழையும்முன்

தீவில் வாழ்வோர்க்கு வேண்டிய பொருள்களுள் பல கப்பலில்தான் வந்து சேர்கின்றன. தேவையற்ற உதிரிபாகத்தை வரவழைத்துவிட்டால் பணத்தோடு நாள்களும் வீணாகும். பழுதைச் சரியாக அறிவது எப்படி? படித்து அறிவோம்.

சென்னையில் பிறந்த கார்

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. இந்நிறுவனம் 1961ஆம் ஆண்டில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் காரை அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டே இதற்கு முன்மாதிரி. இதன் முன்மூடியைச் சக்கரக் காப்புகளோடு சேர்த்து முன்னோக்கிச் சாய்த்துத் திறக்கலாம்.

போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், ஒரு தமிழ்க் குடும்பத்திடம் இக்கார் இருப்பதாகக் கொள்வோம். பாட்டி மறுநாள் சென்னையில் கப்பலேறுகிறார். ஏறத்தாழ மூன்று நாள் பயணத்திற்குப் பின் ஹாடோ துறையில் இறங்குவார். அவரை அழைத்துவரக் காரை ஆயத்தம் செய்தபோது பெட்ரோல் மணம் வீசியது.

“அப்பா! பம்பிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. புதிய பம்பு வாங்கிவரும்படி பாட்டியிடம் சொல்லலாமா?” என்று மகள் வினவினாள்.

“சொட்டும் இடம் தெரிகிறதம்மா, ஊறும் இடம் தெரிந்ததா?” என்றார் தந்தை.

பம்பு இயங்கும் முறை

பெட்ரோல் தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு எரிபொருளைக் கொண்டுசெல்வது இப்பம்பின் பணி. பணிமனைகளில் இதனை ‘ஏ.சி. பம்பு’ என்பர். குளிர்சாதனத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்பவர் பெயரின் முதலெழுத்துகளே அவை.

பம்பின் நடுவே டயாபிரம் எனப்படும் நெகிழும் சவ்வு உள்ளது. இயந்திரத்தின் கேம்ஷாஃப்ட் சுழலும்போது ஒரு நெம்புகோல் அசைந்து சவ்வைக் கீழே இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். பின்னர்ச் சுருள்வில் சவ்வை மேலே தள்ளும்; பெட்ரோல் கார்புரேட்டரை நோக்கிச் செல்லும். உட்செல்லும் வழியிலும் வெளியேறும் வழியிலும் உள்ள வால்வுகள் அதனைத் திரும்பிவர விடா.

ஆராய்ந்த முறை

தந்தை முதலில் இயந்திரம் ஆறும்வரை காத்திருந்தார். பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். தீயணைப்புக் கருவியை அருகில் வைத்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கிநிற்கும். ஒரு சிறு பொறியும் அதனைப் பற்றவைக்கும். பெட்ரோல் நீரில் மிதப்பதால் நீரூற்றினால் தீ பரவவே செய்யும்.

அடுத்து, பம்பு முழுவதையும் துணியால் துடைத்து உலரவைத்தார். ஈரம் எங்கும் படர்ந்திருக்கும்போது ஊற்றுக்கண் புலப்படாது. பம்பின் கீழே வெள்ளைத்தாள் ஒன்றை விரித்தார். பிறகு, பம்பின் அடியிலிருந்த கைநெம்புகோலை மெல்ல அசைத்தார். மகள் மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடத்தையும் உற்றுநோக்கினாள்.

கார்புரேட்டர் உலர்ந்திருந்தது, எனவே, பெட்ரோல் அங்கிருந்து வழிந்து வரவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பும் உலர்ந்திருந்தது. குழாய் இணைப்பில் ஒரு துளி அரும்பியது.

“கண்டுபிடித்துவிட்டேன்!” என்றாள் மகள்.

தந்தை இணைப்பை இறுக்கித் துடைத்தார். “ஒன்றைக் கண்டோம். ஒன்றுதானா என்பதையும் பார்ப்போம்” என்று மீண்டும் நெம்புகோலை அசைத்தார். இப்போது இணைப்பு உலர்ந்தே இருந்தது. ஆனால், பம்பின் கீழறையில் இருந்த சிறு துளையிலிருந்து ஒரு துளி தாளில் விழுந்தது. சவ்வு கிழிந்தாலன்றிப் பெட்ரோல் அவ்வறைக்குள் வர இயலாது.

தந்தை உடனே எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தார். எண்ணெயின் மட்டம் உயர்ந்திருந்தது. அதில் பெட்ரோல் மணமும் வீசியது. கிழிந்த சவ்வின் வழியே பெட்ரோல் இயந்திரத்தின் உள்ளும் இறங்கியிருந்தது. பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போகும். அதனோடு ஓட்டினால் இயந்திரத்தின் தாங்கிகள் தேயும்.

“துறைமுகம் வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாமே, அப்பா?”

“கூடாதம்மா. பாட்டியை ஆட்டோவில் அழைத்து வருவோம்.”

அன்று மாலையே பாட்டிக்குத் தொலைபேசிச் செய்தி சென்றது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடையில் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் டயாபிரம் ஒன்றை வாங்கிவரும்படி வேண்டினர். முழுப் பம்பு தேவைப்படவில்லை. பாட்டியின் கைப்பையில் அது உள்ளங்கையளவு பொட்டலமாக வந்து சேர்ந்தது.

தந்தை புதிய சவ்வைப் பொருத்தினார். பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றினார். கைநெம்புகோலை அசைத்தபோது வெள்ளைத்தாள் உலர்ந்தே இருந்தது. அதன் பின்னரே இயந்திரத்தை இயக்கினார்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தீர்க்கும் வழியறிந்து மருத்துவம் செய்க என்கிறது திருக்குறளின் 948ஆம் குறள். ஹெரால்டு இயந்திரத்தின் கொள்ளளவும் 948 சி.சி.! இப்பொருத்தம் தற்செயலே. ஆயினும், உடலுக்குச் சொன்ன முறை இயந்திரத்திற்கும் பொருந்துவது தற்செயலன்று.

சொற்பொருள்

ஊற்றுக்கண் – நீர் சுரந்து வெளிப்படும் இடம்
நெம்புகோல் – ஒரு புறம் அழுத்த மறுபுறம் எழும் கோல்
அரும்புதல் – சிறிதாகத் தோன்றுதல்

வினாக்கள்

1. பம்பை உலரவைத்த பின்னரே ஆராய்ந்தது ஏன்?
2. முதல் துளியைக் கண்டதும் தந்தை ஆய்வை நிறுத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?
3. “சொட்டும் இடம் தெரிகிறது, ஊறும் இடம் தெரிந்ததா?” – இத்தொடரை உன் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றோடு பொருத்தி ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

உன் வீட்டில் நீர் கசியும் குழாய் ஒன்றைப் பெரியவர் துணையுடன் துடைத்து, உலரவைத்து, முதல் துளி தோன்றும் இடத்தைக் குறித்து வருக. பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றில் இதனைச் செய்தல் கூடாது.