தண்டுவடக் கட்டிகள்: அறிதலும் சிகிச்சையும்

மூளையினின்று கீழிறங்கும் தண்டுவடம், முதுகெலும்புகளாலான குழாயினுள் அமைந்துள்ளது. வயதுவந்தோரிடம் அது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமுடையது. பருமனோ சிறுவிரல் அளவே. எலும்புக் குழாய் விரிந்து கொடுப்பதில்லை. ஆதலால் அதனுள் தோன்றும் கட்டி, புற்றுத்தன்மை அற்றதாயினும், வடத்தை நெருக்கிக் கால்களை முடக்கிவிடக்கூடும்.

வகைகள்

தோன்றும் இடத்தைக் கொண்டு இக்கட்டிகள் மூவகைப்படும்.

1. வடத்தின் உறைக்கு வெளியே தோன்றுபவை. இவற்றுள் பெரும்பாலானவை மார்பகம், நுரையீரல் முதலிய உறுப்புகளின் புற்றுநோய் பரவியதால் உண்டாவன.
2. உறைக்குள், ஆனால் வடத்திற்குப் புறத்தே தோன்றுபவை. இவை பெரும்பாலும் தீங்கற்றவை; மெல்ல வளர்பவை.
3. வடத்தினுள்ளேயே தோன்றுபவை. இவை அரியவை.

அறிகுறிகள்

முதலில் தோன்றுவது பெரும்பாலும் வலியே. படுத்தால் குறையாமல், இரவில் மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கும் முதுகுவலி ஐயத்திற்குரியது. பின்னர்க் கால்கள் தளரும். உடலில் ஒரு மட்டத்திற்குக் கீழே உணர்ச்சி குன்றும். சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடு தவறும். குழந்தைகளிடம் நடையில் மாறுதல், அடிக்கடி விழுதல், முதுகு வளைதல் ஆகியவற்றை ஆசிரியர் முதலில் காணக்கூடும்.

ஒரு வரலாற்றுச் சான்று

1887-ஆம் ஆண்டு லண்டனில், கால்கள் செயலிழந்த ஒருவருக்கு டாக்டர் கவர்ஸ் உணர்ச்சிக் குறைவின் மட்டத்தைக் கொண்டே தண்டுவடக் கட்டி எனத் துணிந்தார். டாக்டர் ஹார்ஸ்லி சஸ்திர சிகிச்சை செய்தபோது, எதிர்பார்த்த இடத்தில் கட்டி காணப்படவில்லை. அதற்கு மேலுள்ள எலும்பையும் அகற்றிய பின்னரே அது தென்பட்டது. நோயாளி மீண்டும் நடந்தார். உணர்ச்சி குன்றும் மட்டத்திற்கு மேலேயே கட்டி இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

நோய் நிர்ணயம்

இன்று எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் இடத்தையும் அளவையும் தெளிவாகக் காட்டுகிறது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் குறை காணப்படாமையால் நோய் இல்லையென்று முடிவு செய்தலாகாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயும் இவ்வறிகுறிகளைத் தரும். அதற்குரிய சிகிச்சை வேறாகையால், இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

சிகிச்சை

தீங்கற்ற கட்டிகள் பலவற்றைச் சஸ்திர சிகிச்சையால் முற்றிலும் அகற்றலாம். நுண்ணோக்கியின் துணையால், வடத்தினுள் அமைந்த கட்டிகளும் இன்று அகற்றப்படுகின்றன. பரவிய புற்றுநோய்க்கு ஸ்டீராய்டு மருந்து, கதிர்ச் சிகிச்சை, தேவைப்படின் சஸ்திர சிகிச்சை ஆகியவை அளிக்கப்படும்.

களப்பணியாளர் கடமை

சிகிச்சைக்கு முன் கால்களில் எஞ்சியுள்ள வலிமையைப் பெரிதும் பொறுத்தே பயன் அமைகிறது. நடக்க இயலும் நிலையில் வருபவர் நடப்பவராகவே இருக்க வாய்ப்பு மிகுதி. முற்றிலும் முடங்கியபின் வருபவருக்கு அது குறைவு. எனவே முதுகுவலி என்று வருபவரை நடக்கச் செய்து பார்த்தல் வேண்டும். சிறுநீர் தடையின்றிப் போகிறதா என வினவுதல் வேண்டும். கால் தளர்ச்சியோ சிறுநீர்த் தடையோ காணப்பட்டால், எண்ணெய் தேய்ப்பிலும் பிடித்துவிடுதலிலும் நாள் கழிக்காமல், அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் கடமையாகும்.