பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியலாமா? எடை குறைந்த லினக்ஸ் பதிக்கத் தேவையானவை



நம் மளிகைக் கடைகளிலும் அரிசி மண்டிகளிலும் பட்டு ஜவுளிக் கடைகளிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வருடமாக உழைத்து வரும் கம்ப்யூட்டர்கள் பல உண்டு. அவற்றைப் பார்க்க வரும் சர்வீஸ்காரர்களில் பலர் இப்போது ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "இது அவ்வளவுதான், புதுசு வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். இதற்குக் காரணம் என்ன, வேறு வழி உண்டா, அந்த வழிக்கு என்னென்ன தேவை என்று நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நல்லது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் பணத்தில் கடைக்கு நாலு மூட்டை சரக்கு கூடுதலாகப் போடலாம் அல்லவா?

காரணம் இதுதான். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று ஓராண்டுத் தவணை அறிவித்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் ஏறக்குறைய 8வது தலைமுறை பிராசசர் ஆகியவை வேண்டும். நம்முடைய பழைய மெஷின்களில் பெரும்பாலானவை இந்தப் பிராசசர் கணக்கில்தான் தேறாமல் போகின்றன. ஆக, மெஷின் கெட்டுப்போகவில்லை. புது விண்டோஸ் அதில் ஏற மறுக்கிறது, அவ்வளவே.

"ஆதரவு போனால் போகட்டும், ஓடுகிற வரை ஓடட்டும்" என்று இருந்துவிடலாமா? கூடாது. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கெட்ட நிரல் உலகெங்கும் பரவியது. பாதுகாப்புத் திருத்தம் போடாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. நம் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். யார் யார் எவ்வளவு பாக்கி, எந்த மில்லுக்கு எவ்வளவு தர வேண்டும், எந்த நெசவாளருக்கு எவ்வளவு பாவு, எவ்வளவு ஜரிகை கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பேரேடு தொலைந்தால் கடன் வாங்கியவர் ஞாபகமும் சேர்ந்து தொலைந்துவிடும்!

திருட்டு விண்டோஸ் போட்டுக்கொள்வதும் தீர்வு ஆகாது. 1957ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

லினக்ஸ் என்பது என்ன?

நம் ஆரணிக்காரர்களுக்கு இதைத் தறியைக் கொண்டு விளக்குவது எளிது. 1804ல் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கிய பெட்டி நம் பட்டுத் தறிகளின் மேல் இன்றும் இருக்கிறது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லையேல் தூக்காது. பின்னாளில் கம்ப்யூட்டருக்கு வழிகாட்டியதும் இந்தத் துளை அட்டைதான்.

தறி என்பது கம்ப்யூட்டர் மெஷின். அதன் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி, விண்டோஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம். பெட்டியில் கோர்க்கும் அட்டைக் கட்டு, டேலி, எக்ஸல் போன்ற சாப்ட்வேர். பழைய தறியின் மேல் பெரிய பெட்டியை ஏற்றினால் தறி ஆடும், நெசவும் ஓடாது. அதற்காகத் தறியை விறகுக்குப் போடுவோமா? அதற்குத் தக்க சிறிய பெட்டியை மாட்டுவோம். எடை குறைந்த லினக்ஸ் அப்படிப்பட்ட சிறிய பெட்டி. ஆனால் ஒரு பெட்டிக்கென்று குத்திய அட்டை வேறு அளவுப் பெட்டியில் உட்காராது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

லினக்ஸை 1991ல் பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் பலர் பலவிதமாகத் தொகுத்து வெளியிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உரிமக் கட்டணம் கிடையாது.

இது நம் மாநிலத்துக்குப் புதியதல்ல. சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இந்தியத் தொகுப்பை உருவாக்கியது. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் அரசுப் பணிகளுக்கு சூசே லினக்ஸைக் கொண்டுவந்தது. 2011ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் பதித்து வந்தது. அந்த மடிக்கணினி நம் வீடுகளில் எத்தனை பரண் மேல் தூங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் உங்கள் மெஷின் எது என்று தெரிய வேண்டும். விண்டோஸில் விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, எம்.எஸ்.இன்ஃபோ32 என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டினால் விவரம் முழுவதும் வரும். அதிலிருந்து கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும்.

1. பிராசசர்: 64 பிட்டா, 32 பிட்டா என்பதே முதல் கேள்வி. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த மெஷின்கள் பெரும்பாலும் 64 பிட். 32 பிட் மட்டும் தெரிந்த மெஷினுக்கு வழி குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் மெஷின்களில் புதிதாகப் பதிக்கும் வசதியைக் கைவிட்டது. கூகுள் குரோம் 2016லேயே 32 பிட் லினக்ஸை விட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 145ம் பதிப்பிலிருந்து விட்டுவிட்டது. ஆகவே அப்படிப்பட்ட மெஷினை இன்டர்நெட் இல்லாமல் விலைப் பட்டியல் அடிக்கவும் கையிருப்பு குறிக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2. ராம்: லினக்ஸ் மின்ட் வெளியீட்டாளர்கள் குறைந்தது 2 ஜி.பி. என்றும், சிரமமின்றி வேலை செய்ய 4 ஜி.பி. என்றும் சொல்கிறார்கள். டெபியனைத் திரை வசதியுடன் பதிக்க குறைந்தது 1 ஜி.பி., நல்லபடி ஓட 2 ஜி.பி. வேண்டும். ஆன்டிஎக்ஸ் என்ற தொகுப்பு 512 எம்.பி. உள்ள கிழட்டு மெஷினிலும் ஓடும். ஆஸ்திரேலியாவில் 2003ல் தோன்றிய பப்பி லினக்ஸ், ராமிலேயே தங்கி ஓடும் சிறிய தொகுப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொகுப்பு ஓடுவதற்குத் தேவையான ராம் வேறு, நம் வேலை ஓடுவதற்குத் தேவையான ராம் வேறு. ஜி.எஸ்.டி. தளத்தையும் பேங்க் தளத்தையும் சேர்த்துத் திறந்தால் பிரௌசரே ஒரு ஜி.பி.க்கு மேல் தின்றுவிடும். ஆதலால் கடை வேலைக்கு 2 ஜி.பி. என்பது கடைசி எல்லை, 4 ஜி.பி. என்பது நிம்மதி என்று கொள்ளவும்.

3. ஹார்டு டிஸ்க்: ஆன்டிஎக்ஸுக்கு 7 ஜி.பி., டெபியனுக்கு 10 ஜி.பி., மின்ட்டுக்கு 20 ஜி.பி. இருந்தால் பதித்துவிடலாம். இடத்தைவிட வேகம்தான் முக்கியம். பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டினால் மெஷின் எழுந்து ஓடும். செலவு செய்வதென்றால் முதல் ரூபாயை எஸ்.எஸ்.டி.யிலும், அடுத்ததை ராமிலும் போடுங்கள்.

4. திரை: மின்ட்டுக்கு 1024க்கு 768 என்ற அளவு தேவை. நம்மிடமுள்ள திரைகள் பெரும்பாலும் இதற்குப் போதும்.

எந்த மெஷினுக்கு எது?

64 பிட், 4 ஜி.பி. இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. பார்வைக்கு விண்டோஸ் போலவே இருப்பதால் கடைப் பையன்கள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். 2 ஜி.பி. இருந்தால் டெபியனை எல்.எக்ஸ்.க்யூ.டி. திரையுடன் பதிக்கலாம், லுபுன்டுவையும் ஓட்டிப் பார்க்கலாம். 1 ஜி.பி.யும் அதற்குக் கீழும் என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி.

நம் வேலைகள் அதில் நடக்குமா?

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இ-வே பில், பேங்க் எல்லாம் பிரௌசரில் நடக்கும் வேலைகள். லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் உண்டு. தனி உரிமையாளரும் கூட்டு வியாபாரிகளும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் ரிட்டர்னை உறுதி செய்யலாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கருவி லினக்ஸில் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

எக்ஸல் கணக்குகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். சாதாரணக் கூட்டல், பட்டியல் எல்லாம் சரியாக வரும். 'மேக்ரோ' வைத்துத் தயாரித்த தாள்கள் சில தகராறு செய்யும்.

டேலி பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. அட்டையும் பெட்டியும் பற்றி முன்பு சொன்னது இங்கேதான் பொருந்தும். ஒட்டுப்போட்டு ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னாலும் வருடக் கணக்கை அதில் நம்பி விடாதீர்கள். ஒரே கம்ப்யூட்டர், அதிலும் டேலி என்றிருப்பவர்கள் லினக்ஸுக்கு மாற வேண்டாம். இரண்டு மூன்று மெஷின் உள்ளவர்கள் டேலிக்கு மட்டும் ஒரு விண்டோஸ் 11 மெஷின் வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றலாம். மொத்தச் செலவும் அதனால் குறையும். பில் போடும் சாப்ட்வேர் வேறு ஏதாவது என்றால், "லினக்ஸில் ஓடுமா, பிரௌசரில் ஓடுமா?" என்று விற்றவரிடமே கேட்டுவிடுங்கள்.

யு.எஸ்.பி. பார்கோடு ஸ்கேனர்கள் பொதுவாகக் கீபோர்டு போலவே வேலை செய்வதால் தொல்லை இல்லை. பிரிண்டர்களில் சில உடனே ஓடும், சில லேசர் பிரிண்டர்களும் பில் பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும். கம்ப்யூட்டரோடு இணைத்த எலக்ட்ரானிக் தராசு, பில் சாப்ட்வேரைப் பொறுத்தது.

தமிழ் அடிக்க, தமிழக அரசு 1999ல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரும் முறையும் லினக்ஸில் கிடைக்கின்றன. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பதிக்கும் முறை

முதல் வேலை, நகல் எடுப்பது. கணக்குக் கோப்புகள் அனைத்தையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்கவும். நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போகவும். திறக்காத நகல், எண்ணாத பணக்கட்டு மாதிரி.

பிறகு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் தொகுப்பை, அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, ரூஃபஸ் போன்ற சாப்ட்வேர் மூலம் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் ஓடாது. மெஷினை அணைத்துப் போடும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற பட்டன்களில் உங்கள் மெஷினுக்கு உரியதை அழுத்தினால் பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் எழும். ஹார்டு டிஸ்க்கில் கை வைக்காமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. அரிசியை வாங்குமுன் ஒரு பிடி வடித்துப் பார்ப்பது போல!

அந்த நிலையில் ஐந்து சோதனைகளைச் செய்யவும்: இன்டர்நெட் கிடைக்கிறதா, ஜி.எஸ்.டி. தளம் திறக்கிறதா, ஒரு பில் அச்சாகிறதா, ஸ்கேனர் படிக்கிறதா, தமிழ் அடிக்க வருகிறதா. ஐந்தும் தேறினால் மட்டும் பதிக்கலாம். பதிக்கும்போது 'டிஸ்க் முழுவதையும் அழி' என்று ஒரு வழியும், 'விண்டோஸ் பக்கத்தில் பதி' என்று ஒரு வழியும் கேட்கும். முதல் வழியைத் தேர்ந்தால் பழையது ஒன்றும் மிஞ்சாது. மூன்று மாதம் பழகும் வரை இரண்டாவது வழியே பாதுகாப்பு. ஆனால் பக்கத்தில் இருக்கும் பழைய விண்டோஸை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

வேலையைத் தொடங்கும் நாளும் முக்கியம். மளிகைக்காரர்கள் மாத முதல் பத்து நாளில் இதில் இறங்க வேண்டாம். பட்டுக் கடைக்காரர்கள் முகூர்த்த மாதங்களைத் தவிர்க்கவும். மார்ச் மாதம் யாருக்கும் ஆகாது. சர்வீஸ்காரரிடம் பதிப்பதற்கும் பிறகு பார்ப்பதற்கும் கூலி எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். லினக்ஸுக்கு விலை இல்லை, உழைப்புக்கு உண்டு.

புதியதை வாங்குவதா, பழையதை ஓட்டுவதா என்பது அவரவர் கடைக் கணக்கைப் பொறுத்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் மெஷினின் பிராசசர், ராம், டிஸ்க் மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். சர்வீஸ்காரர் "புதுசு வாங்குங்கள்" என்று சொல்லும்போது அந்தத் தாளை எடுத்து நீட்டி, "இதற்கு எது பொருந்தும், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சரக்கின் தரம் தெரிந்தவனிடம் யாரும் கூடுதல் விலை சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான்.