அநுதின ஒழுக்கம்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் மாணாக்கர் விடுதியில் யாம் அறுவர் கூடி ஓர் உறுதி செய்துகொண்டோம். வைகறை நான்கு மணிக்கு எழுந்து, ஒரு மணி நேரத்தை வேதவாசிப்பிலும் ஜெபத்திலும் செலவிடவேண்டும் என்பதே அது. ஒன்பது நாள் அவ்வாறே நடந்தது. பத்தாம் நாள் மழை. பதினோராம் நாள் பரீட்சை. பன்னிரண்டாம் நாள் தூங்குதற்குக் காரணமே வேண்டப்படவில்லை.

சில மாதங்கள் சென்றன. ஓர் இரவு எம்முள் ஒருவர்க்குத் தந்தையார் இறந்த செய்தி வந்தது. அவருடைய கட்டிலைச் சூழ்ந்து நின்றோம். சொற்போட்டிகளிற் பரிசு பெற்றவர் எம்முள் இருந்தும், ஜெபிக்க ஒருவர்க்கும் நா எழவில்லை. அந்நண்பரே, சிறுவயது முதல் வீட்டில் விளக்கேற்றியபின் தந்தையாருடன் முழந்தாளிட்டுச் சொல்லிவந்த கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினார். யாம் பின்பற்றிச் சொன்னோம். எம் பெரிய உறுதி கைவிட்ட இடத்தில் ஓர் எளிய வீட்டுப் பழக்கம் கைகொடுத்தது. அதன் காரணத்தை அன்றுமுதல் ஆராயலானோம். அவ்வாராய்ச்சியிற் கண்ட சிலவற்றை ஈண்டு எழுதுவாம்.

சொல்லும் பொருளும்

ஒழுக்கம் என்னுஞ் சொல் ஒழுகுதல் என்பதினின்று பிறந்தது. நீர் இடையறாது ஓடுதலும் ஒழுகுதலே. மனிதன் ஒரு நெறியில் நடத்தலும் ஒழுகுதலே. திருவள்ளுவர் ஒழுக்கமுடைமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தனர். ஒரு நாளைப் பெருமழை வாய்க்காலை நிரப்பலாம். நாடோறும் ஓடும் நீரே அதனைத் தூர்ந்துபோகாமற் காக்கும். எம் உறுதி அப்பெருமழை போன்றது. நண்பர் வீட்டு மாலை ஜெபமோ ஓடும் நீர் போன்றது. ஆதலின் நாம் தேடவேண்டுவது உணர்ச்சியின் மிகுதியன்று, ஒழுக்கின் தொடர்ச்சியேயாம்.

வேதங் காட்டும் எடுத்துக்காட்டு

தானியேல் ஓய்ந்திருந்த துறவியல்லர். ராஜ்யமெங்கும் 120 தேசாதிபதிகள் இருக்க, அவர்கள்மேல் வைக்கப்பட்ட மூன்று பிரதானிகளுள் ஒருவர். முப்பது நாள்வரை ராஜாவையன்றி வேறெவரையும் வேண்டிக்கொள்பவன் சிங்கக் கெபியிற் போடப்படுவான் என்ற கட்டளை பிறந்தபின்பும், எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணியருகே நாள் ஒன்றுக்கு மும்முறை முழந்தாளிட்டார். ஈண்டு நாம் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. அவர் அன்று புதிதாக ஒன்றையுஞ் செய்திலர். முன்னர்ச் செய்துவந்ததையே செய்தனர். கெபியில் நின்ற தைரியம் கெபியிற் பிறந்ததன்று, மேலறையிற் பிறந்தது.

நம் ஆண்டவரும் அவ்வாறே ஒழுகினார். ஓய்வுநாளில் ஜெபாலயத்துக்குச் செல்வது அவர் வழக்கமென லூக்கா எழுதுகிறார். இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்தில் ஜெபித்தமையை மாற்கு சொல்லுகிறார். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அவர் வழக்கப்படியே ஒலிவமலைக்குச் சென்றார். தேவகுமாரனுக்கே வழக்கம் வேண்டியிருந்ததாயின், நமக்கு வேண்டாவென்பது பேதைமையன்றோ?

ஒரு கல்லூரியின் வரலாறு

நம்மைப்போன்ற மாணாக்கரிடத்து இஃது இயலுமோவெனின், ஆக்ஸ்போர்டு வரலாறு விடை கூறும். 1729ஆம் ஆண்டில் சார்ல்ஸ் வெஸ்லி முதலிய சிலர் அங்கே ஒரு சிறு கூட்டமாய்க் கூடினர். அவர் தமையனாரான ஜாண் வெஸ்லி அதற்குத் தலைவரானார். கிரேக்க மொழியிற் புதிய ஏற்பாட்டை உடனிருந்து ஓதினர். குறித்த நாட்களில் உபவாசித்தனர். தம்மைத்தாமே சோதித்துத் தினக்குறிப்பு எழுதினர். வில்லியம் மார்கன் என்னும் மாணாக்கரின் தூண்டுதலால் 1730 முதல் சிறைச்சாலையிலிருந்தோரையுஞ் சந்தித்தனர். அக்கூட்டத்தாருள் ஒருவர் ஆண்டு வருவாய் 30 பவுனாயிருந்தபோது 28 பவுனில் வாழ்ந்து எஞ்சியதை ஈந்தனரென்றும், அடுத்த ஆண்டு 60 பவுனானபோதும் 28 பவுனிலேயே வாழ்ந்து 32 பவுனை ஈந்தனரென்றும் வெஸ்லி பிற்காலத்துப் பிரசங்கம் ஒன்றிற் குறித்துள்ளார். இவர்களுடைய ஒழுங்கைக் கண்டு பிற மாணாக்கர் நகைத்து இட்ட பெயர்களுள் ஒன்றே மெதடிஸ்டு என்பது. அந்நகைப்புப் பெயரே பின்னர் ஒரு பெருஞ்சபையின் பெயராயிற்று.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1736 ஜனவரியில் ஜார்ஜியாவுக்குச் செல்லுங்காற் கடலிற் புயல் எழுந்தது. உடன்சென்ற மொரேவியர் அமைதியாய்ப் பாடிக்கொண்டிருக்க, அத்துணை ஒழுங்குடைய வெஸ்லி மரணத்துக்கு அஞ்சினார். 1738 மே 24ஆம் நாள் லண்டனில் ஆல்டர்ஸ்கேட் வீதிக் கூட்டம் ஒன்றிலேதான், கிறிஸ்துவை மாத்திரம் நம்பும் நம்பிக்கையால் தம் உள்ளம் அனல்கொண்டதை உணர்ந்தார். இதனால், பழக்கம் இரட்சிப்பை விலைக்கு வாங்காது என்பது தெளிவாம். ஆனால் அதற்குப்பின் அவர் பழக்கங்களை எறிந்துவிட்டாரோ? இல்லை. 1791இல் தம் 87ஆம் வயதில் மரிக்குமளவும் நெடுங்காலம் அதிகாலையில் எழுந்து ஊழியஞ்செய்தார். முன்னர் அஞ்சிச் செய்தவற்றைப் பின்னர் அன்பினாற் செய்தார். வாய்க்கால் நீரைப் பிறப்பிப்பதில்லை. வரும் நீருக்கு வழிவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அளவிற் சிறிதாய்த் தொடங்குக. ஒரு மணி நேரம் ஒன்பது நாளில் முடிந்தது. கால்மணி நேரம் ஆண்டு முழுதும் நிற்கக்கூடும்.

இரண்டாவது, காலமும் இடமுங் குறித்துக்கொள்க. நேரங்கிடைக்கும்போது ஜெபிப்போம் என்பவனுக்கு நேரங்கிடைப்பது அரிது.

மூன்றாவது, இரவிற் படுக்குமுன் அந்நாளைத் தேவசமுகத்தில் திரும்பப் பார்க்க. யாரிடம் கடிந்து பேசினோம், யாருக்குக் கடன்பட்டோம், எதற்கு நன்றி செலுத்தினோமில்லை என்று வினவுதல் போதும்.

நான்காவது, ஜெபத்தை அறையில் அடைத்துவையாதிருக்க. பதினேழாம் நூற்றாண்டிற் சகோதரர் லாரென்சு என்பவர் பாரிசு நகரத்து மடம் ஒன்றிற் சமையற்கூடத்தில் வேலைசெய்தவர், முன்னாளிற் போர்வீரர். சட்டிபானைகளின் நடுவிலும் தேவசமுகத்தை நினைத்திருக்கப் பழகினார். 1691இல் அவர் மரித்தபின் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின. விடுதியிற் பந்திக்கு நிற்குங்காலும், நூல்நிலையத்திற் புத்தகத்துக்குக் காத்திருக்குங்காலும் நமக்கும் அப்பயிற்சி கூடும்.

ஐந்தாவது, ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடங்குக. எம்மைக் கெடுத்தது பத்தாம் நாளின் தூக்கமன்று. இனிப் பயனில்லையென்ற பதினோராம் நாளின் சோர்வே.

முடிவுரை

வேறொன்றும் ஆடவராகிய நம் சிந்தைக்குரியது. நம் இல்லங்கள் பலவற்றிற் குடும்ப ஜெபம் தாய்மாராலும் சகோதரிகளாலும் நடைபெறுகிறது. ஆண்மக்கள் வாயிலில் நின்று செய்தித்தாள் படிக்கின்றனர். நாளை நாமும் ஓரில்லத்தின் தலைவராவோம். என்றோ ஓரிரவில் நம் மகன் துக்கத்தில் ஜெபிக்கச் சொற்றேடுவான். அன்று அவன் நாவில் வரவேண்டியவற்றை இன்றே நாம் பழகிக்கொள்ளுதல் வேண்டும்.

தந்தையை இழந்த அந்நண்பர் இப்போது மாலைதோறும் கால்மணி நேரம் தம் அறையில் ஜெபிக்கிறார். யாம் ஐவரும் அவருடன் சேர்ந்திருக்கிறோம். நான்கு மணிக்கு எழுவதைப்பற்றி எம்முள் ஒருவரும் இப்போது பேசுவதில்லை. மாலை மணி அடிக்கும்போது அவ்வறையின் கதவு திறந்திருக்கும். நண்பர்காள், நீவிரும் வருக.