அரிவரி வகுப்பில் ஒரு வாரம்

கல்லூரியின் பெருமை பேசுவோர் உயர்வகுப்புப் பெறுபேறுகளையே எடுத்துரைப்பர். அவற்றுக்கு வித்திடும் முதலாந் தரத்தில் ஒரு வாரம் நிகழ்வதை ஈண்டு நோக்குவாம்.

தமிழெழுத்துக்கள் 247 எனினும், அவற்றை நெடுங்கணக்கு வரிசையிலேயே எழுதப் பழக்குதல் வேண்டுமென்பதில்லை. சுழியும் வளைவும் மிக்க அகரம் பிஞ்சு விரலுக்கு அரிது. ஆதலின், திங்களன்று நேர்கோடுகளாலான ட, ப என்பவற்றை மணலில் எழுதுவிக்கின்றோம். செவ்வாயன்று, பகரம்போலத் தொடங்கி வளைந்து முடியும் மகரம் வரும். புதனன்று அதன்மேற் புள்ளியிடுகின்றோம், 'படம்' பிறக்கின்றது. டகர மெய்யுஞ் சேரப் 'பட்டம்' வானேறுகின்றது.

வியாழனன்று விளையாட்டே பாடம். 1999 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தமும் இவ்வகுப்பில் விளையாட்டுக்கு முதன்மை அளித்தது. ஐந்து புளியங்கொட்டைகளை 4, 1 எனவும் 3, 2 எனவும் பிரித்துச் சேர்த்துப் பிள்ளைகள் கூட்டலை உணர்வர்.

வெள்ளியன்று ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் செய்கின்றோம். இது பரீட்சையன்று. கூட்டத்தோடு ஒலிக்கும் பிள்ளையின் குறை தனித்து வாசிக்கும்போதே புலப்படும். 'படம்' என்பதைப் 'படம' என வாசிக்கும் பிள்ளை மெய்யின் இயல்பை இன்னும் அறியவில்லை. அடுத்த வாரத்தை அங்கிருந்தே தொடங்குதல் ஆசிரியர் கடன். அன்று கவனியாது விட்டால், மேல்வகுப்பிற் கணிதமும் சமயமும் வரலாறும் அப்பிள்ளைக்கு எட்டாக்கனியாகும். ஏனெனில் அவையனைத்தும் வாசிப்பின் வழியே வருவன.

பழைய மாணவர்களே! மண்டபமும் மைதானமும் அமைக்க முன்வரும் நீங்கள், உங்கள் இல்லத்துச் சிறார் தனித்து வாசிப்பதை நாடோறும் பத்து நிமிடம் செவிமடுப்பீர்களாக. அதுவும் கல்லூரிக்குச் செய்யும் தொண்டேயாம்.