குளிரைத் தடுப்பது தோலா, காற்றா?

மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் காவிரிக் கரையினர் நாம். இமயத்தின் உறைபனியில் போர்வீரர் எவ்வாறு உயிர் தாங்குகின்றனர் என்று நம் பிள்ளைகள் வினவினால், “விலங்கின் உரோமத்தோல் அணிந்து” என்று எளிதில் விடை கூறிவிடுகிறோம். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் அவ்விடையை ஆராய்தல் வேண்டும்.

1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை தாக்கியபோது, வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற நம் வீரர் பலரிடம் இருந்தவை பருத்திச் சீருடையும் கேன்வாஸ் காலணியும் ஒரு கம்பளியுமே. எதிர்ப்படையினர் பெரும்பாலும் இடையே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உடை அணிந்திருந்தனர்.

அந்நாளில் தஞ்சையில் பள்ளிச் சிறுமியராய் இருந்த நாங்கள், வீரர்களுக்கெனக் கம்பளி நூலில் கழுத்துத்துணி பின்னினோம். “ஆட்டைக் கொன்றா இந்நூலை எடுக்கிறார்கள்?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். “இல்லையம்மா, மயிரைக் கத்தரித்து எடுப்பார்கள்” என்றார் ஆசிரியை. அதன் பின்னரே அவள் ஊசியைக் கையில் எடுத்தாள்.

உரோமம் தானாக வெப்பம் தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று, உடற்சூடு வெளியேறாமல் தடுக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பனிக்கட்டியை உமியில் புதைத்து வைப்பதும் இதனாலேயே. பஞ்சும் இவ்வாறே காற்றைச் சிறைப்படுத்தும். 1941 டிசம்பரில், ரஷ்யக் குளிரில் விறைத்த தம் படைக்கு உரோமத்தோல் ஆடைகளைத் தருமாறு ஜெர்மானிய அரசு மக்களிடம் வேண்டியது. எதிரே நின்ற சோவியத் வீரர் பலர் அணிந்திருந்ததோ பஞ்சு வைத்த மேற்சட்டை. பஞ்சுக்கு ஒரு குறையும் உண்டு. நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துமாதலால், நனைந்த பஞ்சு குளிரைத் தாங்காது. அக்குறையை இன்று செயற்கை இழைகள் பெரிதும் நீக்கியுள்ளன.

இம்சை நால்வகை என நம் சமயத்தில் பகுத்துரைப்பர். நாட்டைக் காக்கும் வீரன் செய்வது விரோதி இம்சை. இல்லறத்தார்க்கு அது முற்றும் விலக்கப்பட்டதன்று. தோலுக்காக ஓர் உயிரை வேண்டுமென்றே வதைப்பது சங்கல்பி இம்சை. அதனை அறவே விலக்க வேண்டும். வேறு வழி இருக்கையில், வீரனின் பெயரால் அதற்கு நியாயம் தேடலாகாது. எனினும் வீரனும் ஓர் உயிரே. அவனைப் போதிய உடையின்றிப் பனிக்கு அனுப்புவதும் அகிம்சை ஆகாது.

செய்து பார்க்க:
ஒரே அளவான மூன்று குவளைகளில் பெரியோர் துணையுடன் வெந்நீர் ஊற்றி மூடுக. ஒன்றை உலர்ந்த பஞ்சாலும் மற்றொன்றை நனைந்த பஞ்சாலும் சுற்றுக. மூன்றாவதை வெறுமனே விடுக. 20 நிமிடம் கழித்து எது மிகச் சூடாக உள்ளது எனக் காண்க.

சிந்திக்க:
1. உலர்ந்த பஞ்சினுள் வெப்பத்தைக் காத்தது எது?
2. நம் இல்லத்தில் தோலால் ஆன பொருள்கள் எவை? அவற்றுக்கு மாற்று உண்டா?